பக்கம் நான்கு, கீழிருந்து ஏழாவது வரி

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்கு அம்சவேணி வந்துவிடுவாள். அதற்குள் எனக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வந்தாக வேண்டும். மிஞ்சிப்போனால் நாலு வார்த்தை இருக்கும். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த தேசப்பன் என்கிற ஆள், கத்திக்குத்து வாங்கிச் சாவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வீட்டு வாசலில் நின்று பெண்டாட்டியிடம் சொன்ன நாலு வார்த்தை. அதைப் பெண்டாட்டி தனபாக்கியம் கோர்ட்டில் கூண்டில் நின்று சொன்னாள். நான் நாலடி தள்ளி டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை அடித்தேன். 1980ஆம் வருஷம், ஜூலை மாதம். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது, எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருத்திதான். ஜட்ஜ் போய்விட்டார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் போய்விட்டார்கள். தனபாக்கியம் போன வருஷம் போனாள். சாலிகிராமத்தில் இந்த டப்பிங் தியேட்டரின் முன்னறையில், ஏசி நேராகக் கழுத்தில் ஊதுகிற சோபாவில், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் வசனப் புத்தகம், கையில் சிவப்புப் பேனா. எட்டு மாதமாக அந்தப் பேனாவால் நான் அடிக்காத அடி இல்லை. ‘இது அந்தக் காலத்துப் பேச்சு இல்லை’ என்று ஓரத்தில் எழுதி எழுதி எனக்கே அந்த எழுத்து அலுத்துவிட்டது. இன்றைக்கு எந்த வரியையும் அடிக்கத் தைரியம் வரவில்லை. மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளில் நடக்கிற கதை என்று ஒரு தொடரைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்பாட்டம் சரியாக இருந்தது, பஸ்ஸின் நிறம் சரியாக இருந்தது, வீட்டுச் சுவரில் மாட்டிய காலண்டர்கூடச் சரி. அப்போது அந்த பெல்பாட்டம் போட்டவன் வாயைத் திறந்து, செம மொக்கை மச்சி, கலாய்க்காத என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே முகநூலில் எழுதினேன். நான் அந்த நாளில் கோர்ட்டில் டைப் அடித்தவள், மெட்ராஸ் பேசிய அத்தனை பேச்சும் என் காது வழியாகத்தான் போயிற்று, ஒருத்தன் வாயிலும் நான் செமயைக் கேட்டதில்லை, உடுப்புக்கு இவ்வளவு செலவு பண்ணுகிறவர்கள் நாக்குக்கும் கொஞ்சம் செலவு பண்ணக் கூடாதா என்று கேட்டிருந்தேன். ஆயிரக்கணக்கான பேர் அதைப் பகிர்ந்தார்கள். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம், வீட்டுக்காரர் போய் நாலு வருஷம், அதுவரை நான் சொன்னதை ஒரே நாளில் இத்தனை பேர் கேட்டதில்லை, தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது, ஒளிப்பானேன். பிறகு இளம்பரிதி என்கிற டைரக்டர் போன் பண்ணினான். முப்பத்திரண்டு வயசு. 1979இல் நடக்கிற ஒரு தொடர் எடுக்கப்போகிறேன் மேடம், காசிமேடு, பேச்சு பிசகக் கூடாது, நீங்கள்தான் பார்த்துக்கொடுக்க வேண்டும் என்றான். மொழி ஆலோசகர் நவநீதம் என்று டைட்டிலில் வரும் என்றான். சரி என்றேன். அவர்கள் எழுதிக்கொடுத்ததில் முந்நூறு இடத்தில் சிவப்பு அடித்தேன். வேற லெவல் என்று இருந்ததை எடுத்தேன், சீன் போடாத என்று இருந்ததை எடுத்தேன். பேஜாரு, நாஸ்தா, பேமானி, டபாய்க்காத என்று நான் கேட்டதைப் போட்டுக்கொடுத்தேன். நடிக்க வந்த பிள்ளைகள் அதைப் பேசிப் பார்த்துவிட்டு, மேடம் இதுதான் சினிமாவுக்காக எழுதின மாதிரி இருக்கு, பழையதுதான் நிஜமா இருந்துச்சு என்று என்னிடமே சொன்னார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. காதால் கேட்டவள் நான், நீங்கள் யார் சொல்ல என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்குத்தான் இப்போது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு வார்த்தை ஞாபகம் இல்லாதவளுக்கு முந்நூறு வார்த்தை மட்டும் எப்படி நிச்சயமாகத் தெரிந்தது. கலாய்க்கிறது என்று என் தம்பி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தானே, அது எந்த வருஷம், அவன் பாலிடெக்னிக் படித்தபோதா, கல்யாணத்துக்கு அப்புறமா. நான் கேட்டதாக நினைக்கிற பேச்சில் பாதி, பிறகு நான் பார்த்த படங்களில் கேட்டதாக இருந்தால் என்ன பண்ணுவது. பயமாக இருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள், குடித்தேன், பல் கூசியது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த இக்கட்டு வந்திருக்காது. முதல் நாள் கதையைச் சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. ஐஸ் கம்பெனி, ஐஸ் பார் ஏற்றுகிற முறையில் தகராறு, தேசப்பன் என்ற பெயர். இது நிஜமாக நடந்த வழக்கு மேடம், அவருடைய பெண்ணிடம் அனுமதி வாங்கித்தான் எடுக்கிறோம், கோர்ட்டு நகல்கூட இருக்கிறது என்று இளம்பரிதி ஒரு கட்டை நீட்டினான். பழுப்பேறிய தாளின் ஜெராக்ஸ். ‘ழ’வில் கால் உடைந்த அந்த எழுத்தைப் பார்த்ததும் என் விரல் நுனி கூசியது, அது என் மிஷின். நாலாம் பக்கத்தின் அடியில் டைப் அடித்தவரின் முதலெழுத்து, ‘ந’. இதை அடித்ததே நான்தான் என்று சொல்லிவிட்டேன். பெருமைதான், வேறு என்ன. அவன் எழுந்து நின்றுவிட்டான். அன்றையிலிருந்து அந்த ஆபீசில் எனக்குத் தனி நாற்காலி, தனி டீ. எட்டு மாதம் அந்த மரியாதையில் குளிர் காய்ந்தேன். மூன்று நாள் முன்னால், தேசப்பன் வாசலில் சொல்லிவிட்டுப் போகிற காட்சிக்குக் குரல் கொடுக்கும்போதுதான் வினை வந்தது. குரல் கொடுக்க வந்தவர், அவரும் வடசென்னைக்காரர்தான், மைக் முன்னால் நின்று, கோர்ட்டு நகலிலிருந்து எடுத்துப் போட்டிருந்த வரியை அப்படியே படித்தார். நீ பத்திரமாக இரு. சவுண்ட் இன்ஜினியர் சிரித்துவிட்டார். செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு சார் என்றார். ஐஸ் உடைக்கிற ஆள் பொண்டாட்டிகிட்ட ‘பத்திரமாக இரு’ன்னா சொல்லுவான் என்று எல்லாரும் சிரித்தார்கள், இளம்பரிதி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினான். மேடம், நீங்கதான் அங்க இருந்தீங்களே, நிஜமா என்ன சொன்னாரு என்றான். தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன்.

யோசிக்கிறேன், யோசிக்கிறேன், திட்டுதான் வருகிறது. கோர்ட்டில் எழுதுகிற முறை தெரியாதவர்களுக்கு இது விளங்காது. சாட்சி பேசுவது ஒன்று, தாளில் ஏறுவது ஒன்று. ‘நான் அப்போ சோறாக்கிக்கினு இருந்தேங்க’ என்று சாட்சி சொல்லுவாள். ஜட்ஜ் அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, சம்பவ நேரத்தில் நான் சமையல் செய்துகொண்டிருந்தேன் என்பார். நான் அதை அடிப்பேன், நடுவில் கார்பன் வைத்து மூன்று பிரதி. கொஞ்ச நாளில் ஜட்ஜ் சொல்லக்கூட வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது, என் விரலே வெளுத்துக்கொடுத்துவிடும். காதில் இஸ்துகினு போனான் என்று விழும், விரலில் இழுத்துச் சென்றான் என்று வரும். ஒன்றை மட்டும் வெளுக்கக் கூடாது, திட்டு. அசிங்கமாகத் திட்டினான் என்று வழக்கு இருந்தால் என்ன சொல்லித் திட்டினான் என்பதை அப்படியே எழுத வேண்டும், இல்லாவிட்டால் மேல்கோர்ட்டுக்குப் போனால் வழக்கு நிற்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல்முறை அப்படி ஒன்று வந்தபோது ஜட்ஜ் கூச்சப்பட்டுக்கொண்டு, நீ கொஞ்சம் வெளியில் இரும்மா என்றார். எனக்குப் பதிலாகக் குமாஸ்தா ஒருவர் இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒரு வரி அடிப்பதற்குள் பன்னிரண்டு மணியாகிவிட்டது. அப்புறம் என்னையே உள்ளே கூப்பிட்டார்கள். அன்றையிலிருந்து நான் அடிக்காத கெட்ட வார்த்தை கிடையாது. கல்யாணமான புதிதில் மாமியார், அப்படி என்னதான் டைப் அடிப்ப என்று ஆசையாகக் கேட்டார், வாடகைத் தகராறு என்று சொல்லிவைத்தேன். அதெல்லாம் இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் மனசில் இருக்கிறது, யார் யாரைச் சொன்னது, எந்தத் தெருவில், எந்த வழக்கு எண் என்பதுவரை. இளம்பரிதி சண்டைக் காட்சிகளைக் காட்டி, புல்லரிக்குது மேடம், எப்படி இவ்வளவு துல்லியமா என்று கேட்டான். துல்லியமாக இருக்காதா பின்னே. அந்தக் கட்டுகளையெல்லாம் பிரித்துப் பார்த்தால் மெட்ராஸ்காரர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பது அப்படியே கிடைக்கும். பெண்டாட்டியை எப்படிக் கூப்பிட்டார்கள், பிள்ளையை எப்படிக் கொஞ்சினார்கள், பசிக்கிறது என்பதை எப்படிச் சொன்னார்கள், ஒன்றும் கிடைக்காது, அத்தனையும் ஒரே மாதிரியான நல்ல தமிழில் இருக்கும். அது நான் அடித்த தமிழ்.

இரண்டரை ஆகிவிட்டது. கண்ணை மூடினால் வரும் என்று பார்க்கிறேன். கூண்டில் தனபாக்கியம் நிற்கிறாள். என் வயசுதான் இருக்கும் அவளுக்கு, இருபத்து மூன்று. நீலச் சேலை, இல்லை, பச்சை, நீலம்தான். கைக்குழந்தையைக் கொண்டுவந்திருந்தாள், குழந்தை அழுததால் வெளியில் ஒரு போலீஸ்கார அம்மா வாங்கிவைத்துக்கொண்டார், அது தாழ்வாரத்தில் கத்திக்கொண்டே இருந்தது. எட்டு மாதக் குழந்தை. அதுதான் இன்று மூன்று மணிக்கு வரப்போகிறது, நாற்பத்தாறு வயசாகி, தண்டையார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர் வேலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு. தொடருக்குக் கதையைக் கொடுத்தபோது அம்சவேணி பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையாம், படம் முடிகிறதுக்கு முன்னால் அப்பா வாசலில் சொல்லிவிட்டுப் போகிற இடத்தை மட்டும் நான் வந்து கேட்க வேண்டும் என்றாளாம். அப்பா குரலை அவள் கேட்டதே இல்லை, அவன் சாகும்போது அவள் அம்மா வயிற்றில் ஆறு மாதம். மறுபடி கூண்டு. அரசு வக்கீல் கேட்கிறார், கடைசியா உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாரும்மா. ஃபேன் சுற்றுகிறது, தாள் பறக்காமல் இருக்க நான் ஸ்டேப்ளரை வைத்து அழுத்தியிருக்கிறேன். தனபாக்கியம் தொண்டையைச் சரிபண்ணிக்கொள்கிறாள். வாயைத் திறக்கிறாள். அதோடு சரி, சத்தம் நின்றுவிடுகிறது. வர்ட்டாமே என்றாளா. ஜாக்ரதயா இருமே. வவுத்தப் பாத்துக்கமே. இது நன்றாக இருக்கிறது, வவுத்தப் பாத்துக்கமே, கய்தே. இது அந்தக் காலத்துப் பேச்சு, அந்தத் தெருப் பேச்சு, வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் ஒருத்தன் சொல்லக்கூடியது, இதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் குறை சொல்ல முடியாது. இளம்பரிதி கண்கலங்கிவிடுவான். அம்சவேணிக்கும், வயிற்றில் இருந்தது நான்தான் என்று ஒரு சந்தோஷம் இருக்கும். ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னால் போதும், யார் மறுக்கப்போகிறார்கள். நான் செய்ததா அவன் சொன்னதா என்று எனக்கே நாளைக்குத் தெரியாமல் போய்விடும், அதுதான் பயம். இன்றைக்காவது எனக்கு ஞாபகம் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது, ஃபேனைக் குறை என்று. குறைத்தேன், திரும்பி வந்தேன், அவ்வளவுதான். யாராவது கேட்டால் அதைச் சொல்லக்கூட எனக்கு மனசு வராது, என்னைப் பற்றி ஏதோ சொன்னார் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் தேசப்பன் ஃபேனைப் பற்றிப் பேசவில்லை. அவன் என்னமோ சொல்லி எல்லாரையும்.

எல்லாரையும் சிரிக்க வைத்தான். இங்கேதான் மூன்று நாளாக வந்து வந்து திரும்பிப் போகிறேன். இதை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் தேடினால் வார்த்தை எப்படி வரும். தனபாக்கியம் அதைச் சும்மா சொல்லவில்லை, அவன் மாதிரியே சொன்னாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, தலையை ஒரு வெட்டு வெட்டிச் சொன்னாள். அதில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது, அது நிச்சயம். கெட்ட வார்த்தைதான், ஆனால் திட்டு இல்லை. அவளுக்கு அது செல்லமாக இருந்திருக்கிறது, தினமும் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, கோர்ட்டு என்பதையே ஒரு நிமிஷம் மறந்து முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு சொன்னாள். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் பக்கம் யாரோ க்ளுக் என்றார்கள், அவ்வளவுதான், மொத்தக் கோர்ட்டும் சிரித்துவிட்டது. அரசு வக்கீல் சிரித்தார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், தொப்பை குலுங்கியது. குத்தியவனே சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்றால் சாதாரணமாக இல்லை, அடக்க முடியவில்லை, டைப்ரைட்டர் மேல் குனிந்து கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்து கார்பன் மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள். கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். செத்துப்போனவனின் பேச்சு அது, அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஜட்ஜ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு என்னிடம், அதை நல்லபடியா ஏதாவது போட்டுக்கம்மா என்றார். மனசில் முதலில் வந்ததை அடித்தேன். ‘நீ பத்திரமாக இரு’ என்று கூறிவிட்டுச் சென்றார். பக்கம் நான்கு, கீழிருந்து ஏழாவது வரி. சாட்சியம் முடிந்ததும் படித்துக் காட்ட வேண்டும், அதுவும் என் வேலைதான். ஒவ்வொரு வரியாகப் படித்தேன், அந்த வரி வந்தபோது அவள் மெதுவாக, இப்டியா சொன்னாரு என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள், ஜட்ஜைக் கேட்கவில்லை. அதே அர்த்தம்தான்மா என்றேன். அவள் கைநாட்டு வைத்தாள். படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார் என்று அடித்து முடித்து, தாளை உருவி, அடுத்த சாட்சிக்குப் புதுத் தாள் மாட்டினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது. மற்றவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அவர்கள் எல்லாரும் ஆண்கள், அவளுடைய வயசில் ஒரு பெண்ணாக நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். வந்துவிடட்டும், அந்தப் பெண் வந்ததும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா சொன்னது எனக்குத் தெரியாது, நான் சிரித்துக்கொண்டிருந்ததால் மறந்துவிட்டது, தாளில் இருப்பது என் சொந்தச் சரக்கு என்று சொல்லிவிடுகிறேன். இளம்பரிதி நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டும், டைட்டிலில் பெயரை எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்று ஆவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டாள். கடை யூனிஃபார்ம் சேலை, தோளில் பை, நெற்றியில் வெயில். அம்மா ஜாடைதானா என்று தேடினேன், அம்மா முகமே சரியாக ஞாபகம் இல்லாதபோது ஜாடையை எங்கே கண்டுபிடிப்பது. ரிசப்ஷன் பெண் என்னைக் காட்டி, கோர்ட்டில் டைப் அடித்த மேடம் இவங்கதான் என்றாள், உடனே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் அந்த நகல். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பக்கம் எது, அந்த வரி எது என்று விரலை வைத்துக் காட்டிவிடுவாளாம். அம்சவேணி எழுத்துக்கூட்டப் பழகியதும் அவளை முதலில் படிக்கச் சொன்னது அந்த வரியைத்தானாம். பள்ளிக்கூடம் போகும்போது, வேலைக்குப் போகும்போது, கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது, அம்மா வாசலில் நின்று அதையே சொல்லி அனுப்புவாளாம், ஒரு எழுத்து மாறாமல். மற்றதையெல்லாம் எங்க பாஷையில் பேசுகிற அம்மா அதை மட்டும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொல்லும் என்றாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில்கூட அம்மா அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதானாம். சொல்லிக்கொண்டே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

‘அத மாத்தப் போறாங்களாம்மா? கீழ டீ குடிக்கிறப்ப பேசிக்கினாங்க. அந்தக் காலத்துல அப்டி பேச மாட்டாங்கன்னு. எனக்கு எங்கப்பா கொரலுன்னா அதாம்மா. அத எடுத்துட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல.’

பதில் சொல்வதற்குள் இளம்பரிதி கதவைத் திறந்துகொண்டு வந்தான். அம்சவேணிக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் குனிந்தான். ஞாபகம் வந்துச்சா மேடம் என்றான். வவுத்தப் பாத்துக்கமே நாக்கு நுனியில் இருந்தது. நிஜமும் அதற்குப் பின்னால் இருந்தது, சிரித்தோம் என்கிற நிஜம், அதையும் சொல்லியிருக்கலாம். அவள் அந்தக் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

‘தாள்ல இருக்கறதே இருக்கட்டும்பா’ என்றேன்.

‘மேடம், எட்டு மாசமா நீங்கதானே சொன்னீங்க. ஐஸ் கம்பெனி ஆள் இப்படிப் பேசுவாரா?’

‘அந்த வீட்டுல நாப்பத்தஞ்சு வருஷமா அதைத்தான் பேசியிருக்காங்க. என் பேர்ல போட்டுக்கோ. யாராவது தப்புன்னு எழுதினா நான் பதில் சொல்லிக்கறேன்.’

நான் முதல்முறையாகப் பொய் சொல்கிறேன் என்று அவன் நினைத்தானோ, எனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தானோ, சரி மேடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நாங்களும் எழுந்து போனோம். உள்ளே இருட்டாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் அந்தக் குரல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். திரையில் தேசப்பனாக நடித்தவன் வாசலில் நின்றபடி உறைந்திருந்தான். இருட்டில் உட்கார இடம் தேடும்போது அம்சவேணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவில்லை. அவள் கை சில்லென்று இருந்தது. என் காதருகில் வந்தாள்.

‘அம்மா ஒண்ணு சொல்லும். கோர்ட்டுல அதச் சொன்னப்ப அத்தினி பேரும் சிரிச்சாங்களாம், ஜட்ஜுகூட. இன்னாத்துக்கு சிரிச்சாங்கன்னு கேட்டா மட்டும் சொல்லாது. டைப் அடிச்ச பொண்ணு ஒண்ணுதான் தலையக் கவுத்துக்கினு அழுதுச்சாம், தோளு குலுங்கக் குலுங்க. அது மட்டும் அழலன்னா நான் அன்னிக்கே கூண்ட விட்டு எறங்கி ஓடியிருப்பேன்னு சொல்லும். கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணுக்கும் சேத்துதான் சாமி கும்புடும். அது நீங்கதானாம்மா?’

‘நான்தான்’ என்றேன்.

அவள் என் கையைத் தூக்கித் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் பேசக் கூடாது என்று இன்ஜினியர் கை காட்டினார். நான் பேசவில்லை.